கணையக் கட்டிக்கு மின்துடிப்புச் சிகிச்சை: அதற்கு முன் அந்தக் காய்ச்சல்

செம்பூர் வாசகிக்கு,

தந்தையின் கணையப் புற்றுநோய்க் கட்டிக்கு, வீட்டை விற்றாவது மின்துடிப்புச் சிகிச்சை செய்யலாமா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கும் நீங்கள், சென்ற வாரம் இரண்டு மாலைகளில் அவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததையும், பாராசிட்டமால் கொடுத்ததும் அது இறங்கிவிட்டதையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். பித்தநாளத்தில் பித்தம் வடிவதற்கான சிறு குழாய் (ஸ்டென்ட்) வைக்கப்பட்டு, கீமோவும் நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு பித்தநாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம், அல்லது வெள்ளையணுக்கள் குறைந்திருக்கலாம் என்றே முதலில் கருத வேண்டும். இரண்டுமே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடியவை. பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கும், அடைப்பை நீக்காது. இப்போது காய்ச்சல் இல்லாவிட்டாலும் இன்றே அவரைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இனி காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, நடுக்கம் வந்தாலோ, கண் மஞ்சளித்துச் சிறுநீர் கறுத்தாலோ, மறுநாள் ஓ.பி.க்குக் காத்திராமல் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டென்ட் இருப்பதையும் கடைசிக் கீமோவின் தேதியையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கையிருப்பில் உள்ள ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

அறுவை செய்ய முடியாது என்றதும் மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றும், வீட்டை விற்றாவது இந்தச் சிகிச்சையைச் செய்யாவிட்டால் மகளின் கடமையில் தவறிவிடுவோம் என்றும் அஞ்சுகிறீர்கள். அப்படி இல்லை, அம்மா. கட்டி குடலுக்குச் செல்லும் தமனியைச் சுற்றிக்கொண்டிருப்பதால் கத்தி வைக்க முடியவில்லை. இந்த நிலையில் கீமோவே முதன்மைச் சிகிச்சை. சிலருக்கு அதனால் கட்டி சுருங்கி, அறுவைக்கு வழி பிறப்பதும் உண்டு.

மின்துடிப்பு முறையில், கட்டியைச் சுற்றி ஊசி மின்முனைகளைச் செருகி, 3000 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத் துடிப்புகளாகச் செலுத்துகிறார்கள். செல்லின் உறையில் மூடாத நுண்துளைகள் விழுந்து அது மடிகிறது. சூட்டினால் எரிக்கும் முறை அல்ல என்பதால் அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களின் சுவர் பெரும்பாலும் தப்பிவிடும். ஆயினும் முழு மயக்கம் தேவை. இரத்தக் கசிவு, கணைய அழற்சி, குடல் ஓட்டை போன்ற சிக்கல்கள் நேர்வதுண்டு. இதயத் துடிப்புச் சீர்கேடோ பேஸ்மேக்கரோ உள்ளவர்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. கட்டிக்கு அருகே உலோக ஸ்டென்ட் இருப்பதும் தடையாகலாம்.

கட்டி மடிந்ததும் உடலின் எதிர்ப்பாற்றல் விழித்தெழுந்து மீதி நோயை அழித்துவிடும் என்று நீங்கள் இணையத்தில் படித்தது பாதி உண்மை. மடியும் செல்களிலிருந்து வெளிப்படும் புரதங்களை, எதிர்ப்பாற்றலின் வெள்ளையணுக்களான டி செல்கள் அடையாளம் காண்கின்றன. எலிகளில் இச்சிகிச்சையோடு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. மனிதரில் அந்த எழுச்சி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. டி செல்களை உள்ளே விடாத கெட்டியான நார்த்திசு கணையக் கட்டியைச் சூழ்ந்திருப்பது முக்கியமான காரணம். நெதர்லாந்தில் இச்சிகிச்சையைத் துல்லியக் கதிர்வீச்சோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், மின்துடிப்பு பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. அப்படியிருக்க, 'எதிர்ப்பாற்றலே குணமாக்கும்' என்று காணொளியில் விற்பவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

எதிர்ப்பாற்றலுக்காகத் தந்தைக்குக் கொடுக்கும் சீந்தில் கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். நீரிழிவு இல்லாத அவருடைய காப்பியில் சர்க்கரை போட்டால் கட்டி வளராது. எடை குறைந்துவரும் மனிதருக்கு உணவைக் குறைக்காதீர்கள்.

உங்கள் மருத்துவரிடம் பி.ஆர்.சி.ஏ., எம்.எஸ்.ஐ. என்னும் மரபணு மாற்றங்களைக் காட்டும் பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். எம்.எஸ்.ஐ. மாற்றம் நூற்றில் ஒருவருக்கே இருக்கும் என்றாலும், இருந்தால் இம்யூனோதெரபி உண்மையிலேயே பயன்படும். கீமோவுக்குப் பிந்தைய ஸ்கேனில் நோய் பரவாமல் இருந்தால், கதிர்வீச்சா மின்துடிப்பா என்பதை அறுவை, கதிர்வீச்சு, கீமோ நிபுணர்கள் கூடும் குழுவில் கேளுங்கள். அதுவரை வீட்டை விற்கும் பேச்சை எடுக்க வேண்டாம்.