மெயின் ரோட்டு வீடு, மகனுக்கு ஓயாத இருமல்: ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதுமா?

பஸ்சும் லாரியும் ஓடும் மெயின் ரோட்டை ஒட்டி முதல் மாடியில் வீடு, ஏழு வயது மகனுக்கு ராத்திரி இருமல், ஏர் பியூரிஃபையர் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது மட்டும் போதாது. வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது மூன்றாவது வேலை. ரோட்டுப் பக்க அறையில் படுக்கிறான் என்றால் இன்றைக்கே படுக்கையைப் பின்பக்க அறைக்கு மாற்றுங்கள். ராத்திரியில் காற்று அடங்கிவிடுவதால் புகை மேலே கலையாமல் தாழ்வாகவே தேங்கும். பகலில் லாரிக்குத் தடை உள்ள ஊர்களில் டீசல் வண்டிகள் உள்ளே வருவதும் அந்த நேரத்தில்தான். அடுத்து, டாக்டரிடம் ஆஸ்துமா இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ராத்திரி இருமல், ஓடி விளையாடினால் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், இவற்றைத் தேதியோடு குறித்துக் கொண்டு போங்கள். நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி குழாயில் ஏழு வயதுப் பிள்ளையால் ஊத முடியும்.

இனி மெஷின். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமென்றால் பெட்டியில் சி.ஏ.டி.ஆர்., அதாவது மெஷின் சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு, மணிக்கு 170 கன மீட்டராவது என்று போட்டிருக்க வேண்டும். அந்த எண் அதிகபட்ச வேகத்துக்கானது. சத்தம் தாங்காமல் ஸ்லீப் மோடில் வைத்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது, அதனால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். மெஷினுக்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும். வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு அதற்குள் புகுந்து வெளியே வந்துவிடும். அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். கறுப்புப் பொடி தூவிய மெல்லிய ஷீட் சீக்கிரம் நிறைந்துவிடும், கனமான கார்பன் குருணை உள்ளதாகப் பாருங்கள். ஓசோன் விடும் மாடல் வேண்டவே வேண்டாம், ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அதே அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்தினால் மெஷினுக்குக் கொடுத்த காசு வீண், வலை கட்டுங்கள்.

காற்றில் உள்ள துகளை அளக்கும் கையடக்க மீட்டரை நம்பி நிம்மதியாகவும் இருக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஈரப்பதம் ஏறினால் கூட்டிக் காட்டும். வண்டிப் புகையின் மிக நுண்ணிய துகள்கள், 0.3 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை, அதன் கண்ணுக்கே தெரியாது.

"நாங்களும் ரோட்டோரம் வளர்ந்தவர்கள்தானே" என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள். நுரையீரல் பதினெட்டு வயது வரைக்கும் வளர்கிறது. தெற்கு கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். பெரிய நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வளர்ந்தவர்களுக்கு, 1500 மீட்டருக்கு அப்பால் வளர்ந்தவர்களைவிட அந்த வளர்ச்சி குறைந்திருந்தது. இது 2007இல் வெளிவந்தது. அங்கே காற்று சுத்தமான பிறகு, 15 வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்த பிள்ளைகள் 7.9 சதவீதத்திலிருந்து 3.6 ஆனார்கள். நான் பயமுறுத்துகிறேன் என்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கையும் படியுங்கள்.

ஸ்கூலுக்கு உள்தெரு வழியாகப் போங்கள், ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. ஸ்கூட்டர் முன்னால் நிற்கும் பிள்ளையின் மூக்கு, சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்சருக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பஸ்சுக்கு நேர் பின்னால் நிறுத்தாதீர்கள். காரில் நெரிசல் நேரத்தில், உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் போடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளிக்காற்றை விடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனது கேட்கவில்லை. "இன்ஹேலர் பழகிவிடும்" என்று சொல்லி மாதக்கணக்கில் சிரப் ஊற்றுகிறார்கள். இன்ஹேலரில் சிரப்பைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. அடிமையாவதற்கு அதில் ஒன்றுமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஸ்பேசரோடு, அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவையோடு, கொடுங்கள். நன்றாகக் குலுக்கி, ஒரு பஃப், ஐந்தாறு நிதானமான மூச்சு. இரண்டாவது பஃப்புக்கு அரை நிமிடம் கழித்து மறுபடி குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்து என்றால் பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காற்றில் உலர விடுங்கள். பிளாஸ்டிக்கைத் துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்து பிள்ளைக்குப் போகாமல் ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.