'செயின்ட்ஸ்' என்ற பெயர் எப்படி வந்தது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரில் படிக்கும் என் மகள், அவ்வூர் ரக்பி அணியை எல்லோரும் 'செயின்ட்ஸ்' என்றும் 'ஜிம்மீஸ்' என்றும் அழைப்பதாகச் சொன்னாள். முட்டி மோதி, சேற்றில் புரண்டு ஆடுகிறவர்களுக்குப் புனிதர்கள் என்று எப்படிப் பெயர் வந்தது? சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கிளப் அது என்பது உண்மையா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: உண்மைதான். நார்த்தாம்ப்டனின் தூய யாக்கோபு ஆலயத்தில் உதவிக் குருவாக இருந்த சாமுவேல் வாதன் விக் என்பவர் 1880-இல் அக்கிளப்பைத் தொடங்கினார். பக்கத்துக் கிராமமான மில்டன் மால்சரில் குடியிருந்த அவர், தம் சபையைச் சேர்ந்த துடுக்கான பையன்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருவதற்காகவே அவர்கள் கையில் பந்தைக் கொடுத்தார். ஆலயத்தின் பெயரே கிளப்புக்கும் ஆகி, 'நார்த்தாம்ப்டன் செயின்ட் ஜேம்ஸ்' என்று வழங்கியது. தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு என்று நாம் படிக்கும் அப்போஸ்தலர்தான் ஆங்கிலத்தில் ஜேம்ஸ். 'செயின்ட்' என்னும் அடைமொழியிலிருந்து செயின்ட்ஸும், ஜேம்ஸைச் செல்லமாக ஜிம்மி என்று அழைக்கும் வழக்கத்திலிருந்து ஜிம்மீஸும் பிறந்தன.

அந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 5 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று சட்டம் வந்ததும் அதே 1880-இல்தான். பத்து வயதைத் தாண்டி எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டால், ஏழை வீட்டுப் பையன் பிழைப்புக்குப் போய்விடுவான். பள்ளி கைவிட்ட அந்த வயதுப் பிள்ளைகளை மாலையிலும் விடுமுறையிலும் யார் பார்த்துக்கொள்வது? உடலுரமும் நல்லொழுக்கமும் சேர்ந்தே வளர வேண்டும் என்ற எண்ணம் விக்டோரியா காலத்துக் குருமார் பலரிடம் ஊறியிருந்தது. விக் அவர்களின் முயற்சியையும் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். பணக்காரப் பள்ளிகளின் சொத்தாக இருந்த ஓர் ஆட்டத்தை, கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த இத்தகைய மனிதர்களை ரக்பி வரலாறு இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆட்டத்துக்குப் பெயர் தந்த ரக்பி பள்ளி, நார்த்தாம்ப்டனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதன் விதிகள் முதன்முதலாக எழுத்தில் வந்தது 1845-இல். எழுதியவர்கள் ஆசிரியர்கள் அல்லர், அப்பள்ளியின் மூத்த மாணவர்கள். பந்தைத் தைத்துக் கொடுத்தவர்களோ செருப்புத் தொழிலாளிகள். பள்ளிக்கு அருகே கடை வைத்திருந்த வில்லியம் கில்பர்ட், ரிச்சர்ட் லிண்டன் இருவருமே காலணி தைத்துப் பிழைத்தவர்கள்.

அந்தக் காலத்துப் பந்தை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். பன்றியின் சிறுநீர்ப்பையை ஈரம் காயாமல் எடுத்து, அதன் வாயில் களிமண் புகைக்குழாயின் தண்டைச் செருகி, வாயால் ஊதிப் பெருக்கி, அதைச் சுற்றித் தோலை வைத்துத் தைப்பார்கள். அது ஊதியபடி உப்பும். ஆகவே பந்து முழு உருண்டையாக இராமல் பிளம் பழம் போலச் சற்று நீண்டிருக்கும். லிண்டன் வீட்டில் ஊதும் வேலை அவர் மனைவியுடையது. நோயுற்ற பன்றிகளின் பைகளை ஊதி ஊதியே அந்த அம்மையார் நுரையீரல் நோய் கண்டு இறந்தார் என்று சொல்லப்படுகிறது. அதன்பின் லிண்டன் 1862-ஐ ஒட்டி ரப்பர்ப் பைக்கும், கையால் இயக்கும் காற்றடிக்கும் பம்புக்கும் மாறினார். நார்த்தாம்ப்டனும் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ரக்பியில் பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதை ஏன் 'ட்ரை' என்கிறார்கள்? அதுதான் வெற்றி ஆயிற்றே, முயற்சி என்பானேன்?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: தொடக்கத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்த அணிக்கு, கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிக்கு மேலாகப் பந்தை உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். அந்த உதை தேறினால்தான் கோல். கோலுக்கு முயல உரிமை தந்ததால் அது 'ட்ரை' ஆயிற்று. இன்று 15 பேர் ஆடும் ரக்பியில் அதன் மதிப்பு 5 புள்ளிகள்.

கேள்வி: இப்படி ஆலயங்களில் பிறந்த ரக்பி கிளப்புகள் வேறு உண்டா? அவற்றுள் சில 13 பேர் ஆடும் ரக்பிக்கு மாறியது ஏன்?
– வாசகர் ஒருவர், நாகர்கோவில்

பதில்: உண்டு. யார்க்ஷயரின் வேக்ஃபீல்டில் தூய திரித்துவ ஆலயத்து வாலிபர் சங்கத்தினர் 1873-இல் தொடங்கியதுதான் வேக்ஃபீல்டு ட்ரினிட்டி. அதே ஆண்டில் மான்செஸ்டரின் ஹல்ம் பகுதியில் கேவண்டிஷ் தெருச் சிற்றாலயத்தின் பையன்கள் தொடங்கிய கிளப், 1879-இல் சால்ஃபோர்டு என்று பெயர் மாறியது.

மாற்றத்துக்குக் காரணம் கூலி. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை முடிந்தது. அந்த அரைநாள் விடுமுறைதான் தொழிலாளர் விளையாட்டுக்கெல்லாம் விளைநிலம். ஆனால் வெளியூர்ப் போட்டிக்குக் கிளம்ப வேண்டுமானால் காலை வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். இழந்த கூலியையாவது கிளப்புகள் ஈடுசெய்ய அனுமதிக்க வேண்டும் என்று யார்க்ஷயர் பிரதிநிதிகள் 1893-இல், ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி யூனியனின் பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். 282-க்கு 136 என்ற வாக்குக் கணக்கில் அது தோற்றது. கூலியை இழந்தாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர்கள், குறைவுள்ளவர்களுக்காக எடுத்த அந்த முடிவை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, 'நார்தர்ன் யூனியன்' என்று தனியே பிரிந்தன. இழந்த கூலிக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்று விதி செய்தன. வேக்ஃபீல்டு ட்ரினிட்டி அப்போதே சேர்ந்தது. சால்ஃபோர்டு அடுத்த ஆண்டு சேர்ந்தது. 1906-இல் அந்தப் பிரிவு அணிக்கு 13 பேர் என்று குறைத்துக்கொண்டது. விக் அவர்கள் பையன்களுக்காகத் தொடங்கிய நார்த்தாம்ப்டன் பழைய யூனியனிலேயே தங்கிவிட்டது. ஆகவே திருச்சி வாசகியின் மகள் அக்கிளப்பின் ஃபிராங்க்ளின்ஸ் கார்டன்ஸ் மைதானத்துக்குப் போனால், ஒரு பக்கத்துக்கு 15 பேர் ஆடும் ஆட்டத்தைத்தான் காண்பார்.