பேப்பர் எத்தனை? ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆய்வுக் கட்டுரை வெளியிடச் சொல்லி வரும் நெருக்கடி பற்றி ஆய்வு மாணவர்கள், ஆசிரியர்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஆய்விதழ் ஆசிரியர் குழுவிலும் இருந்திருக்கிறேன், பணி நியமனக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிஎச்டி சேர்ந்து முதல் வருடமே முடியவில்லை. அதற்குள் கைடு "பேப்பர் எப்போ போடப் போறே?" என்று கேட்கிறார். ஏன் சார் இவ்வளவு அவசரம்?

பதில்: உங்கள் கைடிடமும் யாரோ இதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி மூன்றுமே பெரும்பாலும் பேப்பர் பட்டியலைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன. ஒரு பணியிடத்துக்கு விண்ணப்பங்கள் வந்து குவியும்போது, குழுவில் இருப்பவர்கள் கட்டுரைகளைப் படிப்பதில்லை. எத்தனை என்று எண்ணுகிறார்கள், இதழின் பெயரைப் பார்க்கிறார்கள், இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. படிக்க வேண்டியவர்கள் படிப்பதை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: இம்பாக்ட் ஃபேக்டர் அதிகமுள்ள இதழில் வந்தால் அது நல்ல கட்டுரை என்றுதானே அர்த்தம்?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஓர் இதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அந்த எண். யூஜின் கார்ஃபீல்ட் என்ற தகவல் அறிவியலாளர், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பதிவுசெய்யும் தமது மேற்கோள் அட்டவணையில் எந்தெந்த இதழ்களைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்யக் கொண்டுவந்த கணக்கு அது. ஆளை எடைபோட உருவாக்கியதல்ல. ஓர் இதழில் சில கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளிக்கொண்டு போகும்; மீதியில் பெரும்பாலானவை சராசரிக்குக் கீழேதான் இருக்கும். உங்கள் கட்டுரை எந்தப் பக்கம் என்று அந்த எண்ணால் சொல்லவே முடியாது. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த ஹெச்-இண்டெக்ஸ் தனிநபரைப் பற்றியதுதான்: தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 10 கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால் அவருடைய எண் 10. ஆனால் அது வயதோடு ஏறும், இறங்கவே இறங்காது. இளம் ஆய்வாளரையும் மூத்த பேராசிரியரையும் அதை வைத்து ஒப்பிடுவது அநியாயம்.

கேள்வி: எங்கள் ஆய்வில் பி மதிப்பு 0.08 வந்தது. தரவைக் கொஞ்சம் சரிசெய்தால் 0.05-க்குக் கீழே வந்துவிடும், எல்லோரும் செய்வதுதான் என்கிறார் சீனியர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பி மதிப்பு என்பது, உண்மையில் விளைவே இல்லாதபோதும் இப்படியொரு முடிவோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வரும் வாய்ப்பு; அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் முடிவு தேறியதாக வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். நிறையப் பேர் செய்கிறார்கள் என்பது உண்மை, அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வழக்கமாக இது இப்படி நடக்கும். 0.08 வருகிறது. மற்றவர்களிடமிருந்து ரொம்ப விலகி நிற்கும் இருவரின் தரவை நீக்கினால் 0.06. இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துப் பார்ப்போம் என்று சேர்த்தால் 0.055. ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தால் பெண்களிடம் மட்டும் 0.03. உடனே தலைப்பு மாறுகிறது. முதலிலிருந்தே பெண்களைப் பற்றித்தான் தேடியதுபோல முன்னுரையும் எழுதப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடுவதால், பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்தில் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டபோது அது 60 சதவீதத்தைத் தாண்டியது. 2015-ல் ஒரு பெரிய கூட்டுக் குழு 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறிய முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது தேறியது 36 சதவீதம்தான். அத்தனையும் மோசடி என்று சொல்ல வரவில்லை. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று எழுதினால் பேப்பர் ஆகாது என்ற நிலையில், நேர்மையானவர்களின் கையும் தானாக அந்தப் பக்கம் சாய்கிறது.

0.08 என்றே எழுதுங்கள். செய்துபார்த்த பகுப்பாய்வு எல்லாவற்றையும் இணைப்பில் கொடுங்கள். அடுத்த ஆய்வுக்கு ரெஜிஸ்டர்ட் ரிப்போர்ட் முறையில் போக முடியுமா என்று பாருங்கள். தரவு எடுக்கும் முன்பே கேள்வியையும் செய்முறையையும் இதழுக்கு அனுப்புவீர்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால், சொன்னபடி ஆய்வைச் செய்து முடித்ததும் முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவார்கள். 2013-ல் கார்டெக்ஸ் இதழ் தொடங்கிவைத்த இந்த முறை இன்று 300-க்கும் மேற்பட்ட இதழ்களில் இருக்கிறது.

கேள்வி: ஒரே ஆய்வை மூன்றாகப் பிரித்து மூன்று பேப்பர் போடுவது தப்பா?

பதில்: மூன்றும் தனித்தனிக் கேள்விகள் என்றால் தப்பில்லை. ஒரே நோயாளிகளின் தரவை வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் மூன்று இடத்தில் போடுவதுதான் ஆபத்து. பின்னால் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துக் கணக்கிடுபவர் அந்த நோயாளிகளை மூன்று தடவை எண்ணிவிடுவார், மருந்தின் பலன் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்ற பழைய கணிதப் புதிரில் ஏழு வருடம் யாருக்கும் தெரியாமல் உழைத்த கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸ், முன்பே முடித்து வைத்திருந்த ஆய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வெளியிட்டுவந்தார், ஏன் எதுவும் எழுதுவதில்லை என்று யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க. அவ்வளவு பெரிய ஆளுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

கேள்வி: பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உண்டு. ஆனால் கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு வாரம் போதாது. 2013-ல் ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், பார்த்தவுடன் தெரியும் பிழைகளோடு ஒரு போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இப்போது கட்டுரையையே தயாரித்து விற்கும் பேப்பர் மில்களும் வந்துவிட்டன. 2023-ல் ஹிந்தாவி பதிப்பகம் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. ஓர் இதழ் ஸ்கோபஸில் (ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளம்) இருப்பதாகச் சொன்னால், ஸ்கோபஸ் தளத்திலேயே போய்த் தேடுங்கள். அதைவிட நல்ல சோதனை, அந்த இதழில் வந்த இரண்டு கட்டுரைகளை நீங்களே படித்துப் பார்ப்பது.

கேள்வி: எந்த வேலையும் செய்யாத துறைத்தலைவர் பெயரைப் பேப்பரில் சேர்க்கச் சொல்கிறார்கள். மேற்படிப்பை முடிக்க வேண்டியவள் நான், என்ன செய்வது?

பதில்: சண்டை போடுங்கள் என்று தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது, அம்மா. உங்கள் நிலை புரிகிறது. அடுத்த ஆய்வு தொடங்கும்போதே யார் என்ன செய்வது, யார் பெயர் எந்த வரிசையில் என்று மின்னஞ்சலில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பல இதழ்கள் இப்போது ஒவ்வொருவரின் பங்களிப்பையும் தனியாக எழுதச் சொல்கின்றன. அந்தப் படிவத்தை அவரிடமே கொடுத்து, "உங்கள் பங்கு என்று என்ன எழுதட்டும் சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கேள்வி: முடிய ஐந்தாறு வருடம் பிடிக்கும் ஒரு கேள்வியை எடுக்க ஆசை. என் ஒப்பந்தமோ மூன்று வருடம்.

பதில்: இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் 1964-ல் எழுதிய கட்டுரைக்கு 2013-ல் நோபல் வந்தது. நடுவில் அவர் எழுதியவை மிகக் குறைவு. இன்றைக்கு எனக்கு யாரும் பல்கலைக்கழக வேலை தரமாட்டார்கள் என்று அவரே சொன்னார். எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆய்வைச் செய்த காட்டலின் கரிக்கோ, ஆய்வு நிதி கிடைக்காமல் 1995-ல் பதவியிறக்கம் செய்யப்பட்டவர். 2023-ல் நோபல் வாங்கினார். தாக்குப்பிடித்ததால் இவர்களை நமக்குத் தெரியும். தாக்குப்பிடிக்க முடியாமல் ஆராய்ச்சியை விட்டுப் போனவர்களைத் தெரியாது, அதுதான் எனக்கு வலிக்கிறது. பெரிய கேள்வியை விடாதீர்கள். கூடவே ஒரு வருடத்தில் முடியும் சின்னக் கேள்வி ஒன்றையும் நடத்துங்கள், ஒப்பந்தம் புதுப்பிக்க அது உதவும்.

கேள்வி: நான் நிர்வாகத்தில் இருக்கிறேன். எண்ணிக்கை வேண்டாம் என்றால் எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. இதழின் எண்ணை வைத்து ஆளை அளக்கக் கூடாது என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-ல் வெளியானது. பேப்பருக்கு ரொக்கப் பரிசு தருவதை நிறுத்தச் சொல்லி 2020-ல் சீன அரசு உத்தரவிட்டது. நியமனத்திலும் பதவி உயர்விலும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கைவிடப்போவதாக 2021-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் அறிவித்தது. உங்கள் அளவில் செய்ய ஒன்று சொல்கிறேன். விண்ணப்பத்தில் முழுப் பட்டியலுக்குப் பதில், விண்ணப்பதாரருடைய சிறந்த மூன்று கட்டுரைகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தாம் செய்தது என்ன என்று பத்து வரி எழுதச் சொல்லுங்கள். கடைசிச் சுற்றுக்கு வருபவர்களின் கட்டுரையில் ஒன்றையாவது குழுவில் இருவர் முழுதாகப் படித்துவிட்டு நேர்காணலுக்கு வர வேண்டும் என்று விதி போடுங்கள். குழுவுக்கு நேரமில்லை என்பார்கள். அந்த நேரத்தை அவர்களுடைய பணிக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.