தயிர்சோறு மட்டும் சாப்பிடும் 4 வயதுக் குழந்தையோடு சொகுசுக் கப்பலில் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நாங்க ராயபுரம். துறைமுகம் பக்கத்துலயே இருக்கு, ஆனா எங்க பையனைக் கப்பல்ல கூட்டிட்டுப் போக ரெண்டு வருஷம் பயந்தோம். வீட்டுல அவனுக்குத் தயிர்சோறு, அப்பளம், காசிமேட்டு வஞ்சிரம் வறுவல் தவிர எதுவும் இறங்காது.

பொதுவா வீட்டுல சமைச்ச சாப்பாட்டைக் கப்பல்ல ஏத்த விடமாட்டாங்க. மின்சாரக் கெட்டிலும் கூடாது. சீல் உடைக்காத பிஸ்கட், முறுக்கு பாக்கெட் பெரும்பாலும் பரவாயில்லை. உங்க கப்பலோட விதியை டிக்கெட் போடும்போதே கேட்டுடுங்க. வெறும் சோறும் தயிரும் கிடைக்குமான்னும் அப்பவே கேளுங்க. பஃபேல தாளிச்ச தயிர்சோறு வெச்சா நம்ம பிள்ளை கடுகைப் பார்த்ததுமே தட்டைத் தள்ளிடும். தனித்தனியா வாங்கி, மேசையில உங்க கையாலேயே பிசைஞ்சு கொடுங்க. எங்க பையன் அப்படித்தான் சாப்பிட்டான், அதுவும் வீட்டுலருந்து கொண்டுபோன அவனோட நீல டப்பாவுல போட்ட பிறகு.

2 வயசுலருந்து 12 வயசு வரைக்கும் கடல் குமட்டல் அதிகம். அதனால "சாப்பிடமாட்டேன்"னு அடம்பிடிச்சா அது பிடிவாதம்தான்னு முடிவு கட்டாதீங்க. ஆட்டம் குறைவா இருக்கிற நடுப்பகுதி, கீழ்த்தள அறையா பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, தண்ணி கொடுக்கிறதை மட்டும் நிறுத்தாதீங்க. மாத்திரை வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே குழந்தை மருத்துவரைக் கேளுங்க.

புது உணவைப் பழக்க இது நேரமில்லை. அதுக்குப் பத்துத் தடவைக்கு மேல கூட வைக்க வேண்டியிருக்கும். மூணு நாள் வெறும் தயிர்சோறுன்னா ஒண்ணும் ஆகாது. "வேற ஏதாவது ஊட்டு"ன்னு பாட்டிங்க சொன்னா, இந்த விஷயத்துல கேட்காதீங்க.