சுற்றுலா விசாவில் ஊழியத்துக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு 23 வயது. திருச்சிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் சிறுவர் ஊழியம் செய்ய ஒரு வருடத்துக்குக் கூப்பிடுகிறார்கள். "சுற்றுலா விசாவில் போகட்டும், மற்றதை அங்கே போய்ப் பார்க்கலாம்" என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். அப்படி அனுப்பலாமா?
– ஒரு தாய், பெரியகல்லாறு

பதில்: வேண்டாம் அம்மா, அப்படி அனுப்பாதீர்கள். மட்டக்களப்பில் எங்கள் சபை அலுவலகத்தில் பிள்ளைகளின் விசா ஃபைல்களைப் பார்க்கிறவள் நான். இந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சுற்றுலா விசாவில் இந்தியாவுக்குப் போகிறவர் ஆலயத்துக்குப் போகலாம், ஆராதனையில் இருக்கலாம், பிரசங்கம் கேட்கலாம். பிரசங்கம் பண்ணக்கூடாது, துண்டுப்பிரசுரமோ வீடியோவோ கொடுக்கக்கூடாது. மகன் அங்கே செய்யப்போவது அந்த மாதிரி வேலைதானே? பிடிபட்டால் மகனைத் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த முறை விசா கேட்பதும் கஷ்டமாகிவிடும். கூப்பிட்ட சபையைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். மகன் வீடு வந்து சேர்ந்துவிடுவான். விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டு அந்த ஊரிலேயே இருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

இதைக் கெடுபிடி என்று சொல்லவும் முடியாது. நம் நாட்டுக்கு ஊழியத்துக்கு வருகிற வெளிநாட்டவரும் சமயத்துக்குப் பொறுப்பான திணைக்களத்தின் சிபாரிசோடு வதிவிட விசா எடுக்கத்தான் வேண்டும். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் போதகர் மட்டக்களப்பில் வந்திறங்கிய காலம் வேறு.

மிஷனரி விசா என்று இந்தியாவே தனியாக ஒரு வகை வைத்திருக்கிறது. அதைக் கேளுங்கள். அழைக்கிற சபையின் கடிதம்தான் அதற்கு முக்கியம்: எந்த ஊர், எவ்வளவு காலம், என்ன வேலை, தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு. இவ்வளவும் இருக்க வேண்டும், மூன்று பிரதியும் வேண்டும். எனக்கு வருகிற கடிதங்களில் பாதி "கர்த்தருடைய ஊழியத்துக்கு அன்புடன் அழைக்கிறோம்" என்பதோடு முடிந்துவிடும். வாசிக்க மனதுக்கு ஆறுதல்தான், ஆனால் அதை வைத்து அதிகாரி எதையும் முடிவுசெய்ய முடியாது. கிராமத்தின் பெயர், மாவட்டம், எந்த வயதுப் பிள்ளைகளுக்கு எந்தெந்த நாளில் வகுப்பு என்று எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் பெயர். ஃபைல் மாட்டிக்கொள்வது அநேகமாக இதில்தான். சபையில் எல்லாரும் கூப்பிடுவது ஞானஸ்நானப் பெயர். பாஸ்போட்டில் இருப்பது பிறப்புப் பதிவில் உள்ள பெயர், அதுவும் அப்பா பெயரை முன்னால் விரித்து. அங்குள்ளவர்கள் தெரிந்த பெயரில் கடிதத்தை எழுதி அனுப்பிவிடுவார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பிறகு நாம் அலைய வேண்டும். அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து வேறாக இருந்தால் அதையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்து வையுங்கள்.

இந்த விசா சுற்றுலா விசா மாதிரி உடனே கிடைக்காது. கையில் வருமுன் டிக்கெட் எடுக்காதீர்கள். விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், போய் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், ஒன்லைனில் செய்யலாம். விசாரிக்கும்போது "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால், சிறுவர்களுக்கு வேதாகமம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றே மகன் சொல்லட்டும். அதை மறைக்கிற நிலையில் யாரையும் ஊழியத்துக்கு அனுப்பக்கூடாது என்பது என் எண்ணம்.

கேள்வி: இங்கிலாந்தில் உள்ள சபை கூப்பிட்டால்?
– ஒரு தம்பி, கல்முனை

பதில்: முதலில், அந்தச் சபைக்கு ஸ்பொன்சர் லைசன்ஸ், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு அழைக்க அந்த நாட்டு அரசு தருகிற அனுமதி, இருக்கிறதா என்று கேளுங்கள் தம்பி. இல்லையென்றால் மேலே பேசிப் பயனில்லை. இருந்தால் அவர்கள் ஸ்பொன்சர் சான்றிதழ் தருவார்கள். 3 மாதத்துக்குள் அதை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். சமயப் பணியாளர் விசாவில் அதிகம் போனால் 24 மாதம் இருக்கலாம். போதகராக நின்று சபையை நடத்தப் போகிறவருக்கு வேறு விசா, அதற்கு ஆங்கிலத் தகுதியும் காட்ட வேண்டும். 6 மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அதைக் கொழும்பில்தான் செய்ய வேண்டும், அதனால் மற்ற வேலைகளையும் அதே பயணத்தில் முடிக்கப் பாருங்கள்.

பெரியகல்லாறு அம்மாவுக்கு: மகனுடைய பாஸ்போட்டின் முதல் பக்கத்தை இன்றைக்கே படமெடுத்துத் திருச்சிக்கு அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்து அவர்கள் கடிதத்தை எழுதட்டும்.