பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தை எதுவரை மீட்கலாம்?

இரவு 10 மணிக்கு பேக்கப் எடுத்தோம், மறுநாள் மாலை 4 மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. இடைப்பட்ட 18 மணிநேரக் கணக்கு போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

போகவேண்டியதில்லை. பேக்கப் என்பது ஒரு நேரத்துப் பிரதி. அது இரவு 10 மணிக்கு மட்டுமே கொண்டுபோய் விடும். மிச்சம் லாக் கோப்பில் இருக்கும். பெரும்பாலான தரவுத்தளங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் லாக்கில் எழுதிவிட்டுத்தான் பிரதான கோப்பைத் தொடும், நடுவில் கரண்ட் போனாலும் எது முடிந்தது, எது முடியவில்லை என்று தெரியவேண்டுமே!

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு நெல் மில்லை நினையுங்கள். தராசடியில் ஒரு கொப்பி. மூடை இறங்க இறங்க பெயர், கிலோ எல்லாம் அதில் ஏறும். பெரிய கணக்குப் புத்தகம் மழையில் நனைந்தாலும் நேற்றைய பிரதியோடு இன்றைய கொப்பியைச் சேர்த்தால் கணக்கு திரும்பிவிடும். பெயர் இருந்து கிலோ இல்லாத வரியை விட்டுவிடுவோம். தரவுத்தளமும் முடியாத பரிவர்த்தனையை அப்படித்தான் ரத்துச் செய்கிறது.

ஆனால் கொப்பியும் சேர்ந்து நனையக்கூடாது. லாக்கை வேறு டிஸ்க்கில் வையுங்கள். 2004 சுனாமி புகுந்த கல்லடி போன்ற கரையோரத்தில் என்றால், ஒரு பிரதி வேறு ஊரிலேயே இருக்கட்டும்.

அப்புறம், இரண்டு டிஸ்க்கில் ஒரேநேரத்தில் எழுதுவதைப் பலர் பேக்கப் என்கிறார்கள். அது பேக்கப் அல்ல, ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழிந்துவிடும்.