வீட்டில் தொழில், சின்ன ஆபீஸ்: இட ஏற்பாடு பற்றிக் கேள்வி பதில்

திருப்பூரிலிருந்து: அக்கா, 10க்கு 12 அறை. தையலுக்கு இரண்டு பவர் மெஷின் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்), ஒரு ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்), ஒரு கட்டிங் டேபிள் போட வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் துணி போகும் வழியைப் பாருங்கள். வாசலில் வரும் துணி கட்டிங், தையல், ஓவர்லாக், அயர்ன், பேக்கிங் என்று ஒரே திசையில் சுற்றி மறுபடி வாசலுக்கு வர வேண்டும். வந்த துணியும் முடிந்த பீஸும் ஒரே மூலையில் குவிந்தால் அழுக்கும் படும், கணக்கும் தவறும்.

பழைய செய்தித்தாளை ஒவ்வொரு மேசை அளவுக்கும் ஒட்டித் தரையில் விரியுங்கள். பவர் மெஷின் மேசை ஏறக்குறைய 4 அடிக்கு 2 அடி. ஸ்டூல் போட்டு உட்கார இன்னும் இரண்டரை அடி வேண்டும். பலரும் இதைத்தான் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பண்டலைத் தூக்கிக்கொண்டு நடக்க 3 அடி வழி விடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு கட்டிங் டேபிளுக்கு நிரந்தர இடம் கிடைப்பது கஷ்டம். சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகையாகச் செய்துகொள்ளுங்கள். உயரம் 34 முதல் 36 அங்குலம். தையல் மேசை உயரத்திலேயே வைத்தால் நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு போய்விடும்.

அவரே மீண்டும்: எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

வேண்டவே வேண்டாம். சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட் வரைதான். அயர்ன் பாக்ஸ் ஒன்றே 1,000 வாட் எடுக்கும். கூட இரண்டு மோட்டார் ஓடினால் வயர் சுடும். அதுவும் சுற்றிலும் துணி இருக்கிற அறை. அயர்னுக்குத் தனியாக 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே கரன்ட்டை நிறுத்தும் சுவிட்ச்). எலக்ட்ரீஷியனிடம் இப்படியே சொல்லுங்கள். காசு மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

மதுரையிலிருந்து: டைனிங் டேபிளில் லேப்டாப் வைத்து வேலை செய்கிறேன். தோள்பட்டை வலிக்கிறது. விலை கூடிய நாற்காலி வாங்கட்டுமா மேடம்?

இப்போதைக்கு வேண்டாம். டைனிங் டேபிள் பெரும்பாலும் 30 அங்குல உயரம் இருக்கும். சராசரி உயரமுள்ள பெண்கள் பலருக்கு அது முழங்கைக்கு மேலே நிற்கும், தோளைத் தூக்கியபடியே தட்டச்சு செய்ய வேண்டிவரும். நாற்காலியில் கெட்டியான மெத்தை போட்டு, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு மனைப்பலகை. லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் நாற்காலியைப் பற்றி யோசிக்கலாம்.

அவரே மீண்டும்: கிழக்கு பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்கிறார் அப்பா. சரியா?

தாராளமாக உட்காருங்கள். ஆனால் நேர் எதிரே ஜன்னல் இருந்தால் காலை வெயில் கண்ணில் அடிக்கும், திரை போடுங்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருப்பது எல்லாவற்றையும் விட நல்லது.

சேலத்திலிருந்து: 10க்கு 10 அறையில் நான்கு பேர் உட்காரும் கணக்கு எழுதும் ஆபீஸ் போடலாமா மேடம்?

நெருக்கம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர், அதாவது சுமார் 500 கன அடி இடம் கேட்டது. உங்கள் ஆபீஸ் தொழிற்சாலை இல்லைதான். ஆனாலும் காற்றுக்கு அது நல்ல அளவுகோல். கூரை 10 அடி என்றால் அறை 1,000 கன அடி, இரண்டு பேருக்குத்தான் சரி. மற்ற இருவர் வீட்டிலிருந்து வேலை பார்த்து, நாள் மாற்றி வரலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் மதியம் 2 மணிக்கு ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள்.